வெளுத்த பிளக்

இன்று காலை பையைப் பிரித்தபோது, சனிக்கிழமை ரேஸ் பைக்கிலிருந்து கழற்றிய ஸ்பார்க் பிளக் கையில் வந்தது. முனை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறியதன் அடையாளம்.

எங்கள் ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்று மெலிது, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை, அதாவது ஜெட், சின்னதாக இருந்தால் போதும். சென்னைப் பக்கம் ரேஸ் நடந்த இருங்காட்டுக்கோட்டை டிராக் கிட்டத்தட்ட கடல் மட்டத்தில். அங்கே காற்று அடர்த்தி, பெட்ரோலும் கூட வேண்டும். ஜெட்டை மாற்றித்தான் போனோம். ஆனாலும் பெட்ரோல் போதவில்லை.

தகுதிச் சுற்றில் எஞ்சின் சூடேறி இழுவை போய்விட்டது. கடைசி வரிசை.

ஞாயிறு முதல் ரேஸில் முன்சக்கரம் வழுக்கி விழுந்தேன். ஹேண்டில் வளைந்துவிட்டது.

சரி, மூட்டை கட்டலாம் என்று உட்கார்ந்திருந்தேன். பைக்கைச் சரிசெய்யும் பக்கத்து பிட்டிலிருந்து ஒரு அண்ணன் வந்தார். என் பிரிவில்தான் ஓட்டுகிறார். "எந்திரி தம்பி" என்று தன் ஸ்பேர் ஹேண்டிலை நீட்டினார், கூடவே ஒரு பெரிய ஜெட். குனிந்து கிளட்ச் கேபிளையும் அவரே மாட்டினார். அடுத்த ரேஸுக்கு நாற்பது நிமிடம். அவருக்கும்தான்.

முந்த வேண்டிய ஆளையே தூக்கி நிறுத்துகிற மனசை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இரண்டாவது ரேஸில் 14ஆவது இடம். அண்ணன் 13.

அவர் கொடுத்த ஜெட் இன்னும் கார்புரேட்டரில்தான் இருக்கிறது. மலைக்கு அது ஒத்துவராது, கரும்புகை தள்ளுகிறது. கழற்ற மனசு வரவில்லை.