ஐநா மிஷனுக்கு ஆப்ஸர்வரா போன அனுபவம்

டெல்லி மலை மந்திர் முருகன் கோயிலுக்கு போனாலே யாராவது புடிச்சுக்கறாங்க, "சார், பையன் ஆர்மில கேப்டன் ஆயிட்டான், ஐநா அமைதிப்படை மிஷனுக்கு எப்படி போறது"ன்னு. அதான் மொத்தமா எழுதிடறேன். நான் தெற்கு சூடான்ல மிலிட்டரி ஆப்ஸர்வரா, அதாவது அங்க நடக்கறத நேர்ல பாத்து ஐநாவுக்கு ரிப்போர்ட் பண்ற ஆபீசரா இருந்தவன், இப்போ ரிட்டயர் ஆகி டெல்லி துவாரகால இருக்கேன்.

விருப்பம் சொல்லலாம், ஆனா முடிவு ஆர்மி ஹெட்குவார்ட்டர்ஸ் கையில. சர்வீஸ் ரெக்கார்டு, மெடிக்கல் கேட்டகரி (உடல் தகுதி எந்த தரம்னு) எல்லாம் பாப்பாங்க. பேர் வந்துட்டா டெல்லில ஐநா அமைதிப்படை பயிற்சி மையத்துல கோர்ஸ், 2000-ல ஆரம்பிச்ச இடம் அது. ஆப்ஸர்வருக்கு துப்பாக்கி கிடையாது, அதனால கோர்ஸ்ல வாய்க்குதான் வேலை. ரேடியோல பேசற முறை, மேப், அப்புறம் செக்போஸ்ட்ல துப்பாக்கியோட நிக்கிற குடிகாரன்கிட்ட கை ரெண்டும் அவன் கண்ணுக்கு தெரியற மாதிரி வெச்சுக்கிட்டு குரல் ஏத்தாம பேசறது. ராத்திரி உக்காந்து இங்கிலீஷ்ல ரிப்போர்ட் வேற. மஞ்சக் காய்ச்சல் ஊசிய கெளம்பறதுக்கு 10 நாள் முன்னாடியே போட்டுக்கணும், அந்த கார்டு இல்லாம நகர முடியாது.

நெறைய பேர் திணர்றது டிரைவிங்லதான், சிரிக்காதீங்க. ஆர்மில ஆபீசருக்கு எப்பவும் டிரைவர் உண்டு, வருஷக்கணக்கா பக்கத்து சீட்லயே உக்காந்து வந்தவங்க நாம. அங்க வண்டிய நாமளேதான் ஓட்டணும், ஸ்டியரிங் இடது பக்கம், ரோட்ல வலது பக்கம் போகணும். கியர் வலது கையில, என் இடது கை பாட்டுக்கு கதவுல கியர் தேடும். மிஷன்ல மறுபடி டெஸ்ட் வெப்பாங்க, அதுல தேறலன்னா ஊருக்கு திருப்பி அனுப்பவும் செய்வாங்க. பையன் லீவுல வந்தா சாவிய அவன்கிட்ட குடுத்துடுங்க.

இதெல்லாம் சின்ன போஸ்டிங்னு நெனைக்க வேண்டாம். லெப்டினன்ட் ஜெனரல் மோகன் சுப்ரமணியன் 2000-ல சியரா லியோன்ல ஆப்ஸர்வராவும் ஸ்டாஃப் ஆபீசராவும் இருந்தார், நடுவுல வியட்நாம், லாவோஸ், கம்போடியாவுக்கு டிஃபென்ஸ் அட்டாஷே (தூதரகத்துல நம்ம ராணுவத்தோட பிரதிநிதி), மலைப்பகுதி பிரிகேட், இன்ஃபன்ட்ரி டிவிஷன்னு போய் 2022-ல தெற்கு சூடான் மிஷனுக்கே ஃபோர்ஸ் கமாண்டர், அதாவது அங்க இருக்கற ஐநா படைக்கே தலைவர் ஆனார். அந்த லெவல்ல அரசாங்கம் பேர் அனுப்பும், ஐநா இன்டர்வியூ பண்ணும், பொதுச்செயலாளர் நியமிப்பார். ஆனா கீழ ஆப்ஸர்வரா திரிஞ்சு ரிப்போர்ட் எழுதினவர் மேல வந்து உக்காந்தா, போகாத ஊருக்கு போனதா அவர்கிட்ட கதை விட முடியாது.