டெபியனுக்குள் ஒரு தமிழ் எழுத்துரு: எங்கெங்கே நின்றது

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்காக நான் கட்டிய தமிழ் எழுத்துருப் பேக்கேஜ், ஒருவழியாக அதன் டெஸ்டிங்குக்கு (அடுத்த வெளியீட்டுக்கான தொகுப்பு) வந்து சேர்ந்துவிட்டது. பேக்கேஜின் விவரம் சொல்லும் கண்ட்ரோல் ஃபைல் எழுதி, எஸ்பில்ட் என்ற கருவியில் கட்டி, பிழை பார்க்கும் லின்டியன் சுட்டியதைத் திருத்துவது ஒரு மாலை வேலை. ஐடிபி (இதைப் பேக்கேஜ் செய்யப்போகிறேன் என்ற அறிவிப்பு) பதிந்து, மென்டார்ஸ் தளத்தில் ஏற்றி, நமக்காக டெபியனில் ஏற்றித் தரும் ஸ்பான்சர் கிடைக்கும்வரை சிக்கலே இல்லை. இழுத்தடித்ததெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் முட்டுக்கட்டை நியூ க்யூ என்ற காத்திருப்பு வரிசை. புதுப் பெயரில் வரும் பேக்கேஜின் உரிமத்தை அங்கே ஆட்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். வீடு வாங்குமுன் வில்லங்கம் போட்டு மூலப் பத்திரம்வரை போவது போலத்தான் இதுவும். ரீட்மீயில் எழுத்துருக்களுக்கான திறந்த உரிமமான ஓஎஃப்எல் 1.1 என்று இருந்தது. எழுத்துருவின் டிடிஎஃப் ஃபைலுக்குள் விவரங்கள் பதியும் நேம் டேபிளிலோ ஜிபிஎல் என்ற வேறோர் உரிமம். போதாததற்கு, ஆங்கில எழுத்துகள் வேறோர் எழுத்துருவிலிருந்து எடுத்தவை. மூலத் தொகுப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அனுப்பியது நியாயம்தான்.

உரிமம் தேடும் லைசென்ஸ்செக் கருவி சொல்வதை மட்டும் நம்பி எழுத்துருவை அனுப்பாதீர்கள். எழுத்துரு எடிட்டரான ஃபான்ட்ஃபோர்ஜில் திறந்து நேம் டேபிளில் 0 (காப்பிரைட்), 13 (உரிமம்) இரண்டையும் படியுங்கள். ரீட்மீயோடு ஒத்துப்போகவில்லையா? எது சரி என்று நாமே முடிவு செய்யக்கூடாது. உருவாக்கியவரிடம் எழுத்தில் கேட்டு, அவரையே புது வெளியீட்டில் திருத்தச் சொல்ல வேண்டும். பதில் வர நாளாகும். அதனால் ஐடிபி பதியுமுன்பே கேட்டு வையுங்கள். ஃபான்ட்ஃபோர்ஜின் எஸ்எஃப்டி மூலக் கோப்பு இருந்தால் தயாரான டிடிஎஃப்பை அப்படியே வைக்காமல் பில்டின்போதே உருவாக்குங்கள். ஓஎஃப்எல்லில் ‘ரிசர்வ்ட் ஃபான்ட் நேம்’ என்று இருந்தால் கூடுதல் கவனம் தேவை: நாம் பேட்ச் போட்டு மாற்றிய எழுத்துருவை எழுத்துபூர்வ அனுமதியில்லாமல் அதே பெயரில் வெளியிட முடியாது.

நியூவைத் தாண்டியதும் எல்லாம் முடிந்ததாகத் தோன்றும். அர்ஜென்சி (அவசர அளவு) மீடியம் என்றால் 5 நாளில் டெஸ்டிங்குக்குப் போக வேண்டும். போகவில்லை. காரணம், பேக்கேஜின் நிலையைக் காட்டும் டிராக்கர் பக்கத்திலேயே இருக்கும்: நியூவுக்கு பைனரியோடு (நாம் கட்டி முடித்த பேக்கேஜ்) ஏற்றியாக வேண்டும், ஆனால் டெபியனின் பில்ட் சர்வரில் கட்டாத பைனரி டெஸ்டிங்குக்குப் போகாது. மாற்றக் குறிப்பான சேஞ்ச்லாகில் -2 என்று முடியும் பதிப்பெண்ணோடு புதுப் பதிவு சேர்த்து சோர்ஸ் மட்டும் மறுபடி ஏற்ற வேண்டும். அக்செப்ட் மெயில் வந்த அன்றைக்கே ஸ்பான்சரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

மனசு நொந்தது கீ கையெழுத்தில்தான்: நம் ஜிபிஜி கீ (டிஜிட்டல் கையெழுத்துக்கான சாவி) நம்முடையதுதான் என்று இன்னொருவர் அடையாள அட்டை பார்த்து உறுதி செய்வது. ஸ்பான்சர் வழியாக ஏற்ற இது தேவையில்லை. ஆனால் தன் பேக்கேஜைத் தானே ஏற்றும் டெபியன் மெயின்டெய்னர் ஆக, டெபியன் டெவலப்பரின் கையெழுத்து நம் கீயில் தேவை. மதுரையிலிருந்து அதற்காக வெளியூர் போக வேண்டியிருந்தது. நம் ஊர் இனிஷியல்தான் அங்கே வினையானது. கீயில் ‘ரா. முருகன்’ என்றும் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து ‘முருகன் ராமசாமி’ என்றும் இருந்தால், பார்ப்பவருக்கு அது இரண்டு பெயர். சந்தித்தவர் மறுத்துவிட்டார், ரயில் டிக்கெட் வீண்.

கிளம்புமுன்பே அடையாள அட்டையில் உள்ளபடி ஒரு புது யூஐடியை, அதாவது பெயர்-மெயில் பதிவை, கீயில் சேர்த்து, கீகளைப் பொதுவில் வைக்கும் கீசர்வருக்கு அனுப்பிவிடுங்கள். இனிஷியலை விரிக்காத அட்டை ஒன்று இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். கீயின் அடையாளமான ஃபிங்கர்பிரிண்டின் 40 எழுத்துகளைப் பல துண்டுச் சீட்டுகளாக அச்சடித்துக் கொள்ளுங்கள். டவுன்ஹால் ரோட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போகும் பென்டிரைவில் அந்த ஒரு பிடிஎஃப் மட்டும் இருக்கட்டும். ஜிபிஜி ஃபோல்டரை அதில் வைத்துக் கொடுத்தால் ரகசியக் கீயும் கூடவே போகும்.

கையெழுத்திட்ட கீ, மறையாக்கப்பட்ட மெயிலாக வரும். அதை இம்போர்ட் செய்த பின் உபுண்டு கீசர்வருக்கு அனுப்புங்கள். கீஸ்.ஓபன்பிஜிபி.ஆர்க் என்ற இன்னொரு கீசர்வர் பிறர் போட்ட கையெழுத்துகளை வெளியிடுவதில்லை. அங்கே மட்டும் ஏற்றிவிட்டு ‘கையெழுத்தைக் காணோமே’ என்று தேடிக்கொண்டிருக்க நேரும்.

டெபியனின் கீ தொகுப்பான கீரிங்கில் நம் கீ சேர்ந்த பிறகும், டிபுட் கருவியால் அனுப்பும் பேக்கேஜை டெபியன் ஆர்க்கைவ் உடனே ஏற்காது. டெவலப்பர் ஒருவர் டிகட் கருவி மூலம் குறிப்பிட்ட பேக்கேஜுக்கு அனுமதி தர வேண்டும். அது கிடைத்ததும் அடுத்த வெளியீடு மதுரையிலிருந்தே நேராகப் போனது, யார் கையையும் எதிர்பார்க்காமல்.