ஏர் ஷோ விபத்துக்குப் பிறகான இரண்டு வருடங்கள்

சாகச விமானம் ஒன்று விழுந்தால், முதல் நாளில் உதவிக்குப் பஞ்சமே இருக்காது. ரத்தம் கொடுக்க வரிசை நிற்கும், பணம் வந்து சேரும், போன் ஓயாது. பஞ்சம் வருவது மூன்றாவது மாதத்தில். தீக்காயப் பிரிவிலிருந்து வீட்டுக்கு வந்த விமானி சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் உட்கார்ந்திருக்கும்போது, மற்றவர்கள் எல்லாரும் அடுத்த ஷோவுக்குக் கிளம்பியிருப்பார்கள். ஏர் ஷோக்களில் தரைப் பாதுகாப்பு, ஒருங்கிணைப்பு, குடும்ப உதவி என்று வேலை பார்க்கிற எங்களுக்கு இதுதான் பெரிய கவலை. முதல் நாளில் வரும் அன்பை இரண்டு வருடத்துக்கு எப்படிப் பிரித்து வைப்பது? இதற்கான வேலையில் பெரும்பகுதி விமானம் கிளம்புவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பார்வையாளர் பாதுகாப்புக்கு விதிகள் நிறைய உண்டு. 1952 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் டி ஹாவிலண்ட் 110 விமானம் வானிலேயே சிதறி, கூட்டத்தில் 29 பேரைக் கொன்றது. அதற்குப் பிறகு விதிகள் இறுகின. அமெரிக்காவில் விமானத்தின் வேகத்தைப் பொறுத்து 500, 1,000, 1,500 அடி தள்ளித்தான் கூட்டம் நிற்கலாம். தரையை ஒட்டிப் பறக்க அனுமதி வேண்டுமென்றால், 800 அடி, 500 அடி, 250 அடி என்று படிப்படியாக இறங்கி வந்து தகுதி பெற வேண்டும். இதெல்லாம் கூட்டத்தைக் காக்கிறது. கூட்டம் நிற்கும் கோட்டுக்கு அந்தப் பக்கம் பறப்பவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பது ஷோவுக்கு ஷோ மாறுகிறது.

காலை பிரீஃபிங்கில் ஒவ்வொரு கலைஞரிடமும் மூடிய உறையில் ஒரு அட்டை வாங்கி வையுங்கள். ரத்த வகை, மருந்து ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மாத்திரை, காப்பீட்டு எண், முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும், அவர் கிடைக்காவிட்டால் அடுத்தது யார். அந்த இரண்டாவது பெயர் ஷோ மைதானத்தில் இல்லாத ஒருவராக இருக்க வேண்டும். இதில் நாங்கள் விடாப்பிடியாக இருப்போம். ஏனென்றால் இது பெரும்பாலும் குடும்பத் தொழில். கணவர் ஓட்டுவார், மனைவி இறக்கை மேல் நிற்பார், தம்பி மைக் பிடிப்பார். 2011 மார்ச் 12 அன்று டெக்சாஸின் பிரவுன்ஸ்வில்லில் கைல் ஃபிராங்க்ளின், அமண்டா ஃபிராங்க்ளின் தம்பதி பறந்த வாக்கோ பைபிளேன் (இரட்டை இறக்கை விமானம்) தாழ்வான உயரத்தில் எஞ்சின் சக்தி இழந்து விழுந்து எரிந்தது. இருவருமே தீக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார்கள். அமண்டா மே 27 அன்று இறந்தார். இருவரின் தந்தையரும், ஜிம்மி ஃபிராங்க்ளினும் பாபி யங்கினும், 2005-இல் கனடாவின் மூஸ் ஜாவில் ஒரே மோதலில் இறந்தவர்கள். இப்படிப்பட்ட வீடுகளில் 'மனைவிக்குப் போன் செய்யுங்கள்' என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதும் அந்த அட்டையில் இருக்க வேண்டும்.

அடுத்தது தீயணைப்புக் குழு. விமான நிலையத் தீயணைப்பு வண்டி ஓடுபாதையின் எந்த இடத்துக்கும் மூன்று நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது சர்வதேசத் தரம். துணி போர்த்திய சின்ன விமானத்துக்கு மூன்று நிமிடம் மிக நீண்ட நேரம். பிஸ்டன் எஞ்சின் பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் தீப்பிடிக்கும். புகை போடும் எண்ணெய்த் தொட்டியும் பக்கத்திலேயே இருக்கும். அதனால் ஷோ நடக்கும் இடத்தின் நடுவில், முழு உடுப்போடு ஆட்கள் உட்கார்ந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய வேக வண்டி வேண்டும். அதில் உலர் ரசாயனப் பொடியும் நுரையும் இரண்டும் இருக்க வேண்டும். பொடி தழலை உடனே அடக்கும், ஆனால் எரிபொருள் மறுபடி பற்றிக்கொள்ளும். நுரை மேலே மூடிப் படிந்து அதைத் தடுக்கும். பொடி மட்டும் அடித்துவிட்டு ஆளை இழுக்கக் குனிந்தால் இரண்டாவது முறை பற்றும்போது இருவரும் மாட்டிக்கொள்வார்கள்.

அந்தக் குழுவை ஒவ்வொரு விமானத்துக்கும் அழைத்துப் போய், விமானியே காக்பிட்டைக் காட்ட வேண்டும். கனோபி (காக்பிட்டின் கண்ணாடி மூடி) எந்தப் பக்கம் திறக்கும், வெளியிலிருந்து திறக்கப் பிடி இருக்கிறதா, எரிபொருள் வால்வு எங்கே, பேட்டரி சுவிட்ச் எங்கே. முக்கியமாக பெல்ட். சாகச விமானத்தில் இடுப்பு பெல்ட் பெரும்பாலும் இரண்டு அடுக்கு, தோள் பட்டை தனி, கவட்டுப் பட்டை தனி. அதற்கு அடியில் பாராசூட்டின் பட்டைகள். மேலே தெரிகிற ஒன்றை அறுத்துவிட்டு இழுப்பவர்கள் ஆள் ஏன் வரவில்லை என்று திணறுவார்கள். விமானம் தலைகீழாகக் கிடந்தால் இன்னும் கவனம் வேண்டும். தோளைத் தாங்காமல் பெல்ட்டை விடுவித்தால் முழு எடையும் கழுத்தில் இறங்கும். ஒருவர் தோளைத் தாங்க, மற்றவர் பட்டையை அறுக்க வேண்டும். விமானி எஜெக்ட் செய்து, அதாவது இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, தரையில் நடந்து வந்தாலும் படுக்க வைத்துத்தான் தூக்க வேண்டும். இருக்கை வெடித்துக் கிளம்பும் அழுத்தத்தில் முதுகெலும்பு நசுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். வெடிக்காமல் காக்பிட்டில் தங்கிவிட்ட எஜெக்ஷன் இருக்கை கிடந்தால், பயிற்சி பெற்றவர் அது வெடிக்காமல் பூட்டும் பாதுகாப்பு ஊசிகளைப் பொருத்தும்வரை யாரும் உள்ளே கை வைக்கக்கூடாது.

1988-இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில் இத்தாலிய சாகசக் குழுவின் மூன்று விமானங்கள் மோதி 70 பேர் இறந்தார்கள். அங்கே அமெரிக்க மருத்துவர்கள் பயன்படுத்திய நரம்பு ஊசிகளும் ஜெர்மன் ஆம்புலன்ஸ்களின் டிரிப் குழாய்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ராணுவத் தளத்தில் ஷோ நடத்தும் எவரும் முந்தைய வாரமே இரு தரப்பு ஆம்புலன்ஸ்களையும் பக்கத்தில் நிறுத்தி, குழாய் குழாயாக மாட்டிப் பார்க்க வேண்டும்.

பெரிய தீக்காயம் பட்டவர் முதல் அரை மணி நேரம் தெளிவாகப் பேசுவார். இது சுற்றியிருப்பவர்களை ஏமாற்றிவிடும். மூக்கு முடி கருகி, குரல் கரகரத்து, எச்சிலில் கரி தெரிந்தால், தொண்டை வீங்கி அடைபடுவதற்குள் மூச்சுக்கான குழாய் போட்டுவிடுவார்கள். குழாய் போட்டபின் பல வாரம் பேச்சு இல்லை. ஆகவே குடும்பத்தினர் யாராவது மைதானத்தில் இருந்தால், ஆம்புலன்ஸ் கதவு மூடுவதற்குள் அவரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள். வண்டியைத் தாமதப்படுத்த வேண்டாம், கூட்டத்தை விலக்கி வழி செய்து கொடுத்தால் போதும்.

இரண்டாம் நாள் குடும்பத்தை நிலைகுலைய வைப்பது வீக்கம். காரணம் சிகிச்சையே. 70 கிலோ எடையுள்ளவருக்கு உடலில் 40 சதவீதம் வெந்திருந்தால், தீக்காயத்துக்குத் திரவ அளவு சொல்லும் பார்க்லேண்ட் கணக்குப்படி, வெந்த ஒவ்வொரு சதவீதத்துக்கும் கிலோவுக்கு 4 மி.லி. வீதம் முதல் 24 மணி நேரத்தில் 11,200 மி.லி. ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை ஏற்ற வேண்டும். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்தில். அந்த எட்டு மணி, ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை, தீ பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது. அதனால் விபத்து நேரத்தைக் குறித்துக் கொடுப்பது ஏர் பாஸ் (ஷோவின் பறத்தலை நடத்தும் பொறுப்பாளர்) செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம். இப்போது பல இடங்களில் குறைந்த அளவில் தொடங்கி, சிறுநீர் அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கிறார்கள். எப்படியானாலும் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கும், கண் திறக்காது. உள்ளே போகும் முன் வாசலிலேயே இதைச் சொல்லி அழைத்துப் போகிற ஒரு ஆள் வேண்டும். பூங்கொத்து அனுப்பாதீர்கள், பூச்சாடித் தண்ணீரில் வளரும் கிருமி தீக்காயத்துக்கு ஆபத்து என்பதால் அந்தப் பிரிவுக்குள் விடமாட்டார்கள்.

ரத்த தானத்திலும் அவசரம் வேண்டாம். சிவப்பணுக்களை ஆறு வாரம் வரை வைக்கலாம், தட்டணுக்களை ஐந்து நாள் போல. புண்ணைச் சுரண்டி ஒட்டுத்தோல் வைக்கும் ஒவ்வொரு அறுவையிலும் ரத்தம் நிறையப் போகும், அந்த அறுவைகள் வாரக்கணக்கில் தொடரும். ஒரே நாளில் எல்லாரும் கொடுத்துவிட்டால் அடுத்த இரண்டு மாதம் அவர்களில் பெரும்பாலோரால் கொடுக்க முடியாது. பெயர்ப் பட்டியலை வாங்கி, ரத்த வங்கியோடு பேசி, வாரத்துக்குச் சிலராகப் பிரித்து அனுப்புங்கள்.

இனி பணம். இதில்தான் நல்ல மனிதர்கள் நல்லெண்ணத்தோடு அதிகக் கெடுதல் செய்கிறார்கள் என்பது எங்கள் அபிப்பிராயம். ஷோவின் காப்பீடு பெரும்பாலும் பார்வையாளருக்கும் பிறர் சொத்துக்கும் உரியது. பறந்தவரின் சிகிச்சைக்கு அதில் இடம் இருக்காது. சாகசப் பறத்தலை விலக்கும் ஷரத்து ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களில் சாதாரணம். சிவில் கலைஞர்களில் பெரும்பாலோர் யாருக்கும் ஊழியர் அல்ல, ஒப்பந்தத்துக்குப் பறப்பவர்கள். ஆகவே விபத்தன்றே வருமானம் நின்றுவிடும். ஹேங்கர் வாடகையும் விமானக் கடனும் நிற்காது. அன்று மாலைக்குள் ஒரே ஒரு நிதியை அறிவித்துவிட வேண்டும். தாமதித்தால் ஐந்து நிதி முளைக்கும், அதில் ஒன்றிரண்டு போலி. வட அமெரிக்காவில் ஏர் ஷோ கவுன்சிலின் அறக்கட்டளை இதற்கென்றே குடும்ப நிதி ஒன்றை வைத்திருக்கிறது. அப்படி அமைப்பு இல்லாத இடத்தில், குடும்பத்துக்கு வெளியே இருவர் கையெழுத்துப் போடும் கணக்கு தேவை.

அடிபட்டவரின் சொந்தக் கணக்கில் பெரும்தொகையைப் போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். அரசு மருத்துவ உதவிக்கு வருமான, சொத்து வரம்பு உள்ள நாடுகளில் அந்தப் பணமே அவருக்குக் கிடைக்கவேண்டிய உதவியைத் தடுத்துவிடும். ஆஸ்பத்திரி பில்லை முதலில் கட்ட ஓடாதீர்கள். காப்பீடும் ஆஸ்பத்திரியும் பேசி முடிக்க மாதங்கள் ஆகும். முதல் மாதத்தில் பணம் போகவேண்டிய இடம் குடும்பத்தின் பயணம், தங்கும் அறை, வீட்டுக் கடன் தவணை. வந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முதல் மாதத்தில் செலவழிக்கக்கூடாது என்பது எங்கள் கணக்கு. மீதியை வீட்டுக்கு வந்தபிறகான காலத்துக்கு வைத்திருங்கள். பணம் தவிர, மைதானத்தில் நிற்கும் டிரக், டிரெய்லர், கருவிப்பெட்டி எல்லாவற்றையும் யார் ஊருக்கு ஓட்டிப்போவது என்று ஒரு பெயர் வேண்டும். அந்த சீசனின் மிச்ச ஒப்பந்தங்களை ரத்து செய்யவும், வாங்கிய முன்பணத்தைத் திருப்பவும் இன்னொரு பெயர்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மெதுவான வேலை தொடங்குகிறது. தழும்பு தடிக்காமலிருக்க இறுக்கமான அழுத்த உடையை நாளுக்கு 23 மணி நேரம், ஒரு வருடத்துக்கு மேல் போட வேண்டும். துவைக்க ஒன்று, போட ஒன்று என்று இரண்டு செட் தேவை. எலாஸ்டிக் தளர்ந்துவிடுவதால் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிது தைக்க வேண்டும். நிதியில் ஒதுக்கி வைத்த பணத்துக்கு இதுதான் முதல் செலவு. கழுத்தில் காயம் இருந்தால் தலையணை கூடாது, அக்குளில் இருந்தால் கையை விரித்தே வைத்திருக்க வேண்டும். வலி இல்லாத நிலையில் மடக்கி வைத்தால் தோல் அந்த நிலையிலேயே சுருங்கிவிடும். பிசியோதெரபிக்கு வாரத்தில் பல நாள் வண்டி ஓட்டிக் கூட்டிப்போகும் ஆள், முதல் நாள் வந்த ஆயிரம் வாழ்த்துகளைவிடப் பெரிய உதவி. பல பேர் சுழற்சி முறையில் செய்தால் யாரும் சோர்ந்துபோக மாட்டார்கள்.

ஒரு ஊரே இதைச் செய்து காட்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் எரிந்த விமானிகளுக்கு இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் ஆர்ச்சிபால்ட் மெக்இண்டோ அறுவை செய்தார். நோயாளிகள் 1941-இல் 'கினி பிக் கிளப்' என்று தங்களுக்குள் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். போர் முடிவில் உறுப்பினர்கள் 649 பேர். மெக்இண்டோ ஊராரிடம் கேட்டுக்கொண்டது, இவர்களை முறைத்துப் பார்க்காதீர்கள், வீட்டுக்குக் கூப்பிடுங்கள் என்பதே. மூக்கு பாதி கட்டிய நிலையில் இருந்தவர்கள் கடைத்தெருவில் நடந்தார்கள், நடனத்துக்குப் போனார்கள். அந்தச் சங்கம் போருக்குப் பிறகும் அறுபது ஆண்டு கூடிக்கொண்டிருந்தது.

விபத்துக் காணொளிகள் பற்றியும் சொல்ல வேண்டும். எடுத்தவரிடமிருந்து மூலக் கோப்பை அப்படியே விசாரணையாளரிடம் சேருங்கள். வெட்டியதும் வாட்ஸ்அப்பில் சுருங்கியதும் விசாரணைக்கு அவ்வளவாகப் பயன்படாது. பொதுவெளியில் போடாதீர்கள், அவர் பிள்ளைகள் பார்ப்பார்கள். குற்றம் யார்மேல் என்று தேடுவது விசாரணையின் நோக்கம் இல்லை என்று சர்வதேச விதியே சொல்கிறது. படுக்கை அருகில் நின்று நண்பர்கள் அதைத் தேட வேண்டாம்.

'எப்போது மறுபடி பறப்பாய்' என்று கேட்பவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒட்டிய தோலில் வியர்வைச் சுரப்பி கிடையாது. பெரிய பரப்பில் ஒட்டியவருக்குக் கண்ணாடிக் கூண்டுக்குள் கோடை வெயிலில் உடல் சூட்டைத் தணிக்கும் வழி குறைந்துவிடும். ஐந்து விரலும் கழுத்தும் முழுதாகத் திரும்ப வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும், பெல்ட்டைக் கழற்றித் தானே வெளியே குதிக்கும் வேகம் வேண்டும். கைல் ஃபிராங்க்ளின் மறுபடி ஷோக்களில் பறந்தார். எல்லாருக்கும் அது வாய்க்காது. வாய்க்காதவரின் அனுபவத்துக்கு ஏர் பாஸ் மேடையிலும், புதியவர்களைத் தகுதித் தேர்வில் மதிப்பிடும் குழுவிலும், மைக் முன்னாலும் இடம் இருக்கிறது. அந்த அழைப்பை அடுத்த சீசனுக்கான திட்டம் போடும்போதே, என்ன வேலை, எந்தத் தேதி, எவ்வளவு சம்பளம் என்று எழுதி அனுப்புங்கள்.