ஏற்காட்டு மலையிலிருந்து காபூல் வயர்லெஸ் அறைக்கு

என்னை முதல் சுற்றில் தோற்கடித்தது ஓட்டமும் இல்லை, பரீட்சையும் இல்லை. காதுக்குள் இருந்த அழுக்கு.

2013இல் இந்தோ திபெத் எல்லைக் காவல் படையில் டெலிகாம் ஹெட் கான்ஸ்டபிள், அதாவது வயர்லெஸ் இயக்குகிற வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். எல்லாம் தாண்டி மருத்துவப் பரிசோதனைக்கு வந்தால், டாக்டர் என் காதில் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு ஏதோ எழுதினார். வெளியே வந்து படித்தால் 'தகுதி இல்லை'. இரண்டு காதிலும் மெழுகு அடைத்திருக்கிறதாம், செவிப்பறை தெரியவில்லையாம். நாள் முழுக்க ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காரப் போகிறவனுக்கு வந்த வியாதியைப் பாருங்கள்.

எங்கள் ஊர் ஏற்காட்டைத் தாண்டி, நாகலூர் பக்கம். அப்பா காபி எஸ்டேட்டில் கூலி. நாங்கள் மலையாளிப் பழங்குடி. கேரளாவா என்று கேட்காதீர்கள், சேர்வராயன் மலையில் வாழ்கிற தமிழ் பேசும் ஜனம். பழங்குடியினருக்கு உயரத்தில் சலுகை உண்டு. பொதுவாக 170 செ.மீ. வேண்டும், எங்களுக்கு 162.5 போதும். நான் 165. அந்தச் சலுகை இல்லையென்றால் அளவுகோலிலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அதனால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) கொடுத்த சாதிச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படம் மாதிரி வைத்திருந்தேன்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1.6 கி.மீ. தூரத்தை ஏழரை நிமிடத்தில் ஓட வேண்டும். மலைக்காரனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நீளம் தாண்டுவதுதான் பயமுறுத்தியது. 11 அடி, மூன்று வாய்ப்பு. மூன்றாவதில்தான் தாண்டினேன்.

எழுத்துத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன் நான். மின்தடை, மின்தேக்கி, மின்தூண்டி எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், இண்டக்டர் என்று கேட்டால் முழிப்பேன். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் ஆங்கிலம் என்று முந்நூறு சொல்லுக்கு மேல் எழுதி மனப்பாடம் செய்தேன். பாடம் தெரியும், பெயர்தான் தெரியாது. 2024இலிருந்து கான்ஸ்டபிள் ஜி.டி. (பொதுப் பணி) தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். இப்போதுள்ள பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும். சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டேன். சான்றிதழ் சரிபார்த்தவர் மூன்றையும் அருகருகே வைத்து, "இதில் யார் நீ?" என்று இந்தியில் கேட்டார். கேள்வி புரியவே அரை நிமிடம் ஆனது. அப்புறம் சேலம் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு நோட்டரியிடம் 'மேற்படி பெயர்கள் யாவும் என்னையே குறிக்கும்' என்று பத்திரத்தில் எழுதி வாங்கிக் கொடுத்த பிறகுதான் தலை தப்பியது.

சரி, காதுக்கு வருகிறேன். அப்போதைய முறைப்படி 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனை அளவில் ஒரு நிபுணர் 'இவருக்குக் குறை இல்லை' என்று எழுதித் தர வேண்டும், கூடவே 25 ரூபாய்க்கு டி.டி. இருபத்தைந்து ரூபாய்க்கு டி.டி. எடுக்க, கமிஷன் அதைவிட அதிகம் ஆனது! சேலம் ஜி.எச்.சில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் வரிசையில் நின்றேன். ஐந்து நாள் சொட்டு மருந்து விட்டு வரச் சொன்னார்கள். ஆறாம் நாள் சுத்தம் செய்தார்கள். வெளியே வந்ததும் பஸ் ஹாரன் காதைக் கிழித்தது. இத்தனை நாள் பாதிக் காதோடுதான் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. மறுபரிசோதனையில் தேறிவிட்டேன்.

சேலம் ஜங்ஷனில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏற்றிவிடும்போது அப்பா ஒரு பை காபித்தூள் கொடுத்தார். "போனதும் போன் பண்ணு சாமி" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

ஹரியாணாவில் பானு என்ற இடத்தில் அடிப்படைப் பயிற்சி. டிரில், ரகடா என்கிற தண்டனைக் கசரத்து, துப்பாக்கி, மறுபடி ரகடா. ஊருக்குப் போன எல்லா ஜவானும் அதைச் சொல்லித் தீர்த்திருப்பான், நான் விடுகிறேன். எனக்கு உண்மையான பயிற்சி இந்தி எண்கள்தான். நாற்பது வரை எப்படியோ சமாளித்தேன். அதற்கு மேல் ஒவ்வொன்றும் தனி அவதாரம். 59 உன்சட், 69 உன்ஹத்தர், 79 உன்னாசி. ஓ, அறுபதுக்கு ஒன்று குறைவு, எழுபதுக்கு ஒன்று குறைவு என்று பிடிபட்டதே என நினைத்தால், 89க்கு வந்து நவாசி என்று காலை வாரிவிடும்.

ஒரு நாள் போன் டியூட்டியில் இருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று ஆள் எண்ணிக்கை வந்தது. உன்ஹத்தர் என்றார்கள். நான் லங்கர் என்கிற சமையல்கூடத்துக்கு 59 என்று சொல்லிவிட்டேன். பத்துப் பேருக்கு ரொட்டி இல்லை. எங்கள் உஸ்தாத், அதாவது பயிற்சி ஆசிரியர், ஒரு கட்வாலிக்காரர், கத்தவே மாட்டார். மைதானம் முழுக்க என்னை உருளவிட்டார். உருண்டு முடித்து எழுந்ததும் பக்கத்தில் வந்து, "புரியாவிட்டால் திரும்பக் கேள். திரும்பக் கேட்டதற்காக இங்கே எவனையும் உருட்டியதில்லை" என்றார். அன்றிலிருந்து எந்த எண்ணையும் தனித்தனி இலக்கமாகச் சொல்லவைத்து, நானும் திருப்பிச் சொல்லித்தான் எழுதுவேன். அப்புறம் சிவபுரியில் சிக்னல் பயிற்சிக்குப் போனால், அங்கே பாடமே அதுதான்.

சிவபுரி எனக்குப் பிடித்தது. வி.எச்.எஃப். என்கிற கிட்டத்து வயர்லெஸ் அலை நேர்கோட்டில் போகும், நடுவில் மலை வந்தால் செத்துவிடும் என்று அவர்கள் பலகையில் படம் போடும்போது, நான் சேலம் - ஏற்காடு சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொண்டேன். ஒரு வளைவில் செல்போன் பேசும், அடுத்த வளைவில் ஊமையாகிவிடும். எச்.எஃப். என்கிற தூரத்து அலை அப்படி இல்லை, வானத்தில் முட்டித் திரும்பி வரும். பகலில் உயர்ந்த அலைவரிசை, ராத்திரியில் தாழ்ந்த அலைவரிசை. இன்னொன்று, சினிமாவில் எல்லோரும் 'ஓவர் அண்ட் அவுட்' என்பார்கள். ஓவர் என்றால் நீ பேசு, அவுட் என்றால் பேச்சு முடிந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் 'பதில் சொல், ஆனால் நான் கேட்க மாட்டேன்' என்று ஆகிவிடும்.

பிறகு லடாக்கில் இரண்டு குளிர்காலம். செட்டுக்கான பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினேன். குளிரில் அது என்னைவிடச் சீக்கிரம் விறைத்துவிடும்.

ஆப்கானிஸ்தானில் காபூல் இந்தியத் தூதரகப் பாதுகாப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சுற்றறிக்கை வந்தபோது பெயர் கொடுத்தேன். வெளிநாட்டுப் படி கிடைக்கும், வீட்டுக்கு ஓடு மாற்றிக் கான்கிரீட் போடலாம் என்பதுதான் காரணம், மறைக்க என்ன இருக்கிறது. தேர்வும் கூடுதல் பயிற்சியும் முடிந்து 2018இல் போய்ச் சேர்ந்தேன். எங்கள் படை 2002இலிருந்தே அங்கே காவல் இருந்தது.

எத்தனை மோர்ச்சா (காவல் அரண்), எந்தப் பக்கம் வாசல் என்பதெல்லாம் எழுத மாட்டேன், தேவையும் இல்லை. வெளிச் சுற்றைக் காப்பது அந்த நாட்டின் பொறுப்பு, 1961ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது. சிக்னல்காரனுக்கு அதில் ஒரு தனி வரி உண்டு. தூதரகம் வயர்லெஸ் ஒலிபரப்பி வைக்க வேண்டுமானால் அந்த நாட்டின் சம்மதம் வேண்டும். வகுப்பில் இதைக் கேட்டபோது, ஏதோ எனக்காகவே எழுதியது போலக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

போன முதல் நாளே 2008 ஜூலை 7ஐப் பற்றிச் சொன்னார்கள். வாசலில் கார் குண்டு. பிரிகேடியர் ஆர்.டி. மேத்தா, தூதரக அதிகாரி வெங்கடேஸ்வர ராவ், எங்கள் படையின் அஜய் பதானியா, ரூப் சிங். வெளியே விசா வரிசையிலும் தெருவிலும் இருந்த ஆப்கானியர்கள் எத்தனையோ பேர். அதற்குப் பிறகு வாசல் பக்கம் பார்த்தபோதெல்லாம் அந்த நான்கு பெயரும் மனதில் ஓடும்.

காபூல் ஏற்காட்டைவிட உயரம், சுமார் 1,800 மீட்டர். எங்கள் மலைப்பனி அங்கேயும் இருக்கும் என்று நினைத்துப் போனேன். அது பனிக்கட்டியாக விழுகிற ஊர். நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால். அறைச் சுவரில் இரண்டு கடிகாரம், பதிவேட்டில் எந்த நேரத்தை எழுதினோம் என்பதில் முதல் வாரம் முழுக்கக் குழப்பம்.

வேலை என்ன என்று கேட்டால், சொல்ல ஒன்றும் இருக்காது. ராத்திரி முழுக்க ஒவ்வொரு மோர்ச்சாவையும் அழைக்க வேண்டும். "சப் டீக்" அதாவது எல்லாம் சரி என்று பதில் வரும். பதிவேட்டில் எழுத வேண்டும். மறுபடி அழைக்க வேண்டும். சில மாதம் ஆனதும், குரலைக் கேட்டாலே யார், என்ன மனநிலையில் இருக்கிறான், பீடி கேட்கிறானா, வீட்டில் சண்டையா என்று தெரிந்துவிடும்.

ஜனவரி மாதம், பின்னிரவு. ஒரு பையன், இமாசலக்காரன், எப்போதும் வெடுக்கென்று "சப் டீக் சாப்" என்பவன். அன்று "டீக்... ஹை" என்றான். நடுவில் ஓர் இழுவை. தூங்குகிறான் என்று முதலில் நினைத்தேன். கோபம்கூட வந்தது. திரும்பக் கூப்பிட்டேன். பட்டனை அழுத்துகிற சத்தம் கேட்டது, பேச்சு வரவில்லை. உஸ்தாத் உருட்டியது ஞாபகம் வந்ததோ என்னவோ, மூன்றாம் முறையும் கூப்பிட்டேன். "தலை... வலிக்கிறது" என்று இந்தியில் முனகினான். கார்டு கமாண்டரை எழுப்பி அனுப்பினேன். காற்று வருகிறது என்று ஜன்னல் இடுக்கில் கம்பளியைத் திணித்துவிட்டு, உள்ளே புகாரி என்கிற கணப்பு அடுப்பை எரியவிட்டிருக்கிறான். அடைத்த அறையில் அதன் நச்சுக்காற்றுதான் தலைக்கு ஏறியிருக்கிறது. வெளியே இழுத்துப்போட்டதும் வாந்தி எடுத்தான். விடிவதற்குள் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டான். பதிவேட்டில் அந்த இரவுக்கு நான் எழுதியது இரண்டே வரி.

2020 தொடக்கத்தில் திரும்பிவிட்டேன். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் காபூல் தாலிபானிடம் விழுந்தபோது வேறொரு முகாமின் சிக்னல் அறையில் இருந்தேன். 17ஆம் தேதி விமானப்படையின் சி-17 விமானம் குஜராத்தின் ஜாம்நகரில் இறங்கியது என்று செய்தி வரும் வரை அறையில் யாரும் சாப்பிடவில்லை. தூதர், ஊழியர்கள், எங்கள் ஆட்கள், கூடவே மாயா, ரூபி, பாபி என்ற மூன்று மோப்ப நாய்களும் வந்து சேர்ந்தன. டி.வி.யில் நாய்களைக் காட்டியபோது கைதட்டினோம்.

இப்போது விடுமுறையில் ஊரில் இருக்கிறேன். பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் படைக்கு விண்ணப்பிக்கப் போகிறான். தினமும் காலையில் எஸ்டேட் சாலையில் நன்றாக ஓடுகிறான். நேற்று அவனைத் திண்ணையில் உட்காரவைத்து, செல்போன் டார்ச்சில் காதைப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. சான்றிதழ்களை வாங்கிப் பார்த்தால், அவன் அப்பா பெயர் ஒன்றில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் எழுதியிருக்கிறது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் சேலம் போகிறோம்.