டிஸ்க் பழுதில்லை, டிரைவர்தான் இல்லை: புது மடிக்கணினியில் விண்டோஸ் நிறுவிய அனுபவம்

புது மடிக்கணினியில் ஒருவழியாக விண்டோஸ் 11 ஏறிவிட்டது. அந்தக் கணினியில்தான் இதைத் தட்டச்சு செய்கிறேன். “டிஸ்க் போய்விட்டது சார், கொண்டு வந்து கொடுத்துவிடுங்கள்” என்று தயாரிப்பு நிறுவனத்தின் உதவி மையம் அடித்துச் சொன்னதே, அதே டிஸ்க்கில்தான் இது சேமிக்கப்படுகிறது. நிம்மதி வந்துவிட்டது, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இயங்குதளம் இல்லாத கணினியை வாங்கிவிட்டு, நிறுவும் திரையில் “டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை” என்ற வரியைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்கள் சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கணினி இன்டெல் 12ஆம் தலைமுறை பிராசஸர் கொண்டது. உள்ளே 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க். டிவிடி டிரைவ் கிடையாது. என்னிடம் யூஎஸ்பி வழியாக இணைக்கும் வெளி டிவிடி டிரைவ் ஒன்று இருந்ததால் டிவிடியிலிருந்தே நிறுவலாம் என்று தொடங்கினேன். நிறுவல் டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக அடக்கிய விண்டோஸ் 11இன் ஐஎஸ்ஓ கோப்பு 5 ஜிபியைத் தாண்டுகிறது. சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபிதான். ஆகவே 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு டிவிடி வேண்டும். அதைத் தேடிப் பிடிப்பதே இப்போது பெரும்பாடு. எழுதும்போது வேகத்தைக் குறைத்து வையுங்கள், எழுதி முடித்ததும் சரிபார்க்கச் சொல்லுங்கள். வெளி டிரைவை யூஎஸ்பி ஹப்பில் செருகினால் மின்சாரம் போதாமல் டிவிடி சுற்றிச் சுற்றி நின்றுவிடும். கணினியின் போர்ட்டிலேயே நேரடியாகச் செருக வேண்டும்.

இவ்வளவு பாடுபடுவதற்கு 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றே போதும் என்பது என் முடிவான கருத்து. பென் டிரைவிலும் ஒரு சிக்கல் உண்டு. இன்றைய கணினிகள் தொடங்கும் யூஇஎஃப்ஐ முறையில் எல்லாக் கணினியிலும் தொல்லையில்லாமல் பூட் ஆக (அதிலிருந்து கணினி தொடங்க) வேண்டுமானால் பென் டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருக்க வேண்டும். ஆனால் ஃபேட்32 வடிவத்தில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வைக்க முடியாது. தரவிறக்கிய ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் ‘இன்ஸ்டால்’ கோப்போ அதைவிடப் பெரியது. கையால் நகலெடுக்கப் போனால் பாதியில் நின்றுவிடும். மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் இந்தத் தலைவலியைத் தானே பார்த்துக்கொள்ளும். ரூஃபஸ் போன்ற மென்பொருளிலும் இதற்கு வழி இருக்கிறது. இரண்டையும் ஓட்ட விண்டோஸ் உள்ள வேறொரு கணினி தேவைப்படும்.

பூட் மெனுவுக்கான விசை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒன்று: எஃப்12, எஃப்9, எஃப்11, எஸ்கேப் என்று மாறும். டிவிடியைத் தேர்ந்தெடுத்ததும் கறுப்புத் திரையில் “டிவிடியிலிருந்து பூட் செய்ய ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்” என்ற ஒரு வரி ஆங்கிலத்தில் வரும். சில விநாடிகள்தான் நிற்கும். கண்ணை எடுத்தால் போய்விடும்.

அதன் பிறகு மொழி, விசைப்பலகை, உரிம ஒப்பந்தம் எல்லாம் மளமளவென்று நடந்தன. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி புதுக் கணினிகளில் இருப்பதுதான். அதைப் பற்றிக் கேள்வியே எழவில்லை. எந்த டிஸ்க்கில் நிறுவுவது என்று கேட்கும் திரை வந்தது. பட்டியல் காலியாக இருந்தது. டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை, சேமிப்பக டிரைவர் (டிஸ்க்கோடு இயங்குதளம் பேச உதவும் சிறு மென்பொருள்) இருந்தால் ஏற்றுங்கள் என்று கீழே ஒரு வரி.

இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். எஸ்எஸ்டியின் மாடல் எண், 512 ஜிபி என்ற அளவு எல்லாம் அங்கே தெளிவாகத் தெரிந்தன. மறுபடி டிவிடியில் பூட் செய்தால் பட்டியல் காலி. உதவி மையத்தை அழைத்தேன்.

“விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க் தெரியவில்லை என்றால் அது பழுதாகிவிட்டது என்று பொருள் சார்.”

“பயாஸில் மாடல் எண்ணோடு தெரிகிறதே? பழுதான டிஸ்க் அங்கே எப்படித் தெரியும்?”

“பயாஸில் தெரிந்தால் மட்டும் போதாது சார். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள், மாற்றித் தருவார்கள்.”

எதிர்முனையில் இருந்தவர் என் கேள்விக்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கையில் இருந்த தாளைப் பார்த்து வாசிப்பதுபோல் இருந்தது. பிராசஸர் எந்தத் தலைமுறை, பயாஸில் சேமிப்பகம் எந்த முறையில் அமைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கவே இல்லை. அந்த இரண்டையும் கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

சர்வீஸ் சென்டரில் அரைநாள் காத்திருந்தேன். டெக்னீஷியன் கணினியை வாங்கி, பயாஸைத் திறந்து, அதிலேயே உள்ள டிஸ்க் சோதனையை ஓட்டினார். தேறிவிட்டது. “டிஸ்க் நன்றாக இருக்கிறது. மாற்ற முடியாது” என்றார். அப்படியானால் நிறுவும்போது ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். “இந்த மாடல் இயங்குதளம் இல்லாமல் விற்கப்படுவது. நிறுவுவது உங்கள் பொறுப்பு, வாரண்டியில் வராது” என்று கணினியைக் கையில் கொடுத்துவிட்டார். காரணம் தெரிந்தும் சொல்லவில்லையா, தெரியவே தெரியாதா என்பது எனக்கு இன்றும் புரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் பணம் கொடுத்து வாங்கியவரை இப்படித் திருப்பி அனுப்புவது நியாயமில்லை. இயங்குதளம் இல்லாமல் விற்கிற நிறுவனம், நிறுவுவதற்கு எந்த டிரைவர் தேவை என்று பெட்டிக்குள் ஒரு துண்டுத் தாளாவது வைக்க வேண்டாமா?

வீட்டுக்கு வந்ததும் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் லைவ் பென் டிரைவில் பூட் செய்து பார்த்தேன். நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பதால் எந்தப் பாதிப்பும் இல்லை. அங்கே எஸ்எஸ்டி உடனே தெரிந்தது, முழு அளவோடு. டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று ஐயம் வந்தால் இதுதான் விரைவான சோதனை. ஒரு இயங்குதளத்துக்குத் தெரிவது இன்னொன்றுக்குத் தெரியவில்லை என்றால் குறை டிரைவரில்தான் இருக்க முடியும்.

அதற்குப் பிறகு பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் நிதானமாகப் படித்தபோது ‘விஎம்டி கன்ட்ரோலர்’ என்ற வரி கண்ணில் பட்டது. செயலில் இருப்பதாகக் காட்டியது. ‘வால்யூம் மேனேஜ்மென்ட் டிவைஸ்’ என்பதன் சுருக்கம் அது. பல என்விஎம்இ டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி மேய்க்கவும், ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி மாட்டவும் சர்வர்களுக்காக இன்டெல் கொண்டுவந்த ஏற்பாடு. 11ஆம் தலைமுறை பிராசஸர்களிலிருந்து மடிக்கணினிகளுக்கும் வந்துவிட்டது. இது செயலில் இருந்தால் எஸ்எஸ்டி நேரடியாக இயங்குதளத்தின் கண்ணில் படாது, விஎம்டிக்குப் பின்னால்தான் நிற்கும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இதற்கான டிரைவர் 2016இலிருந்தே இருக்கிறது. விண்டோஸின் நிறுவும் டிஸ்க்கில் இல்லை. ஒரே ஒரு எஸ்எஸ்டி உள்ள மடிக்கணினியில் இதனால் பெரிய பயன் ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் பல கணினிகள் இதைச் செயலில் வைத்தே வருகின்றன.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுவது. டிஸ்க் முழுக்கக் காலியாக இருந்தால் இது எளிது, ஆபத்தும் இல்லை. ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் நிறுவிய கணினியில் இந்த அமைப்பை மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் அடுத்த முறை விண்டோஸ் எழுந்திருக்காமல் நீலத் திரையில் நிற்க வாய்ப்பு அதிகம். சில கணினிகளில் இந்த வரியை மறைத்தே வைத்திருக்கிறார்கள். என் கணினியில் வரி தெரிந்தாலும் அதை மாற்ற விடவில்லை, மங்கலாக இருந்தது. ஆகவே இரண்டாவது வழிதான்: விஎம்டிக்கான டிரைவரை, அதாவது இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி டிரைவரை, விண்டோஸ் நிறுவும்போதே ஏற்றுவது.

இந்த இடத்தில்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள். தயாரிப்பு நிறுவனத்தின் தளத்திலோ இன்டெல் தளத்திலோ கிடைப்பது ஒரு இஎக்ஸ்இ கோப்பு. அதை அப்படியே பென் டிரைவில் போட்டுக் காட்டினால் நிறுவும் திரைக்கு ஒன்றும் புரியாது. அதற்கு வேண்டியது ஐஎன்எஃப் என்று முடியும் கோப்பும் அதனுடன் வரும் எஸ்ஒய்எஸ், கேட் கோப்புகளும். இன்டெல்லின் நிறுவல் கோப்பைக் கட்டளைச் சாளரத்தில் ‘எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ்’ என்ற சொல்லை முன்கோட்டுடன் சேர்த்து, பிரித்து வைக்க ஒரு கோப்புறைப் பெயரையும் கொடுத்து ஓட்டினால் இவை தனித்தனியாக வந்துவிடும். அந்தக் கோப்புறையை முழுதாகப் பென் டிரைவுக்கு நகலெடுங்கள். டிவிடி எழுதி முடித்தபின் அதில் எதையும் சேர்க்க முடியாது என்பதால் எனக்குத் தனிப் பென் டிரைவ் தேவைப்பட்டது. பென் டிரைவிலிருந்தே நிறுவுகிறவர்கள் அதிலேயே ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மறுபடி அந்தக் காலித் திரை. ‘லோட் டிரைவர்’ பொத்தானை அழுத்தி, ‘பிரவுஸ்’ வழியாகக் கோப்புறையைக் காட்டினேன். சில விநாடிகளில் இரண்டு வரிகள் வந்தன. ஒன்றில் ‘விஎம்டி கன்ட்ரோலர் 467எஃப்’ என்றும், மற்றொன்றில் ‘மேனேஜ்டு கன்ட்ரோலர்’ என்றும் இருந்தன. முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். 12ஆம் தலைமுறைக்கு அதுதான் பொருந்தும். 11ஆம் தலைமுறையாக இருந்தால் அந்த இடத்தில் 9ஏ0பி என்று காட்டும். பொருந்தாத டிரைவர்களை மறைக்கும் கட்டத்தில் டிக் இருக்கட்டும், எடுக்காதீர்கள். பட்டியலே காலியாக வந்தால் தவறான தலைமுறைக்கான டிரைவரைத் தரவிறக்கியிருக்கிறீர்கள் என்று பொருள்.

ஒரு பச்சைக் கோடு ஓடியது. திரை ஒருமுறை மினுங்கியது. ‘டிரைவ் 0, ஒதுக்கப்படாத இடம், 476.9 ஜிபி’. பழுது என்று தீர்ப்புச் சொல்லப்பட்ட டிஸ்க் முழுதாக வந்து நின்றது. அந்த ஒரு வரியைப் பார்த்தபோது எழுந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. 512 என்று வாங்கியது 476.9ஆகத் தெரிகிறதே என்று கவலைப்பட வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் வகுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து ‘நெக்ஸ்ட்’ கொடுத்தால் தேவையான பகுதிகளை அதுவே பிரித்துக்கொள்ளும்.

கோப்புகள் ஏறின. கணினி தானாக மறுதொடக்கம் ஆகும்போது டிவிடி உள்ளேயே இருந்தால், ‘ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்’ என்ற வரி மறுபடி வரும். இந்த முறை எதையும் தொடாதீர்கள். தொட்டால் நிறுவல் முதலிலிருந்து தொடங்கும்.

முடிந்துவிட்டது என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த தடை. இணையத்தில் இணையுங்கள் என்ற திரையில் வைஃபை பட்டியல் காலி, ‘நெக்ஸ்ட்’ பொத்தான் உறங்குகிறது. வைஃபை அட்டைக்கான டிரைவரும் நிறுவல் டிவிடியில் இல்லை. மெலிந்த மடிக்கணினி என்பதால் லேன் கம்பி செருகவும் இடம் இல்லை. விண்டோஸ் 11இன் வீட்டுப் பதிப்பு இணையம் இல்லாமல் இந்தத் திரையைத் தாண்ட விடாது. ஷிஃப்ட்டுடன் எஃப்10 அழுத்திக் கட்டளைச் சாளரத்தில் ‘பைபாஸ்’ கட்டளை கொடுக்கும் பழைய உத்தியைப் பலரும் சொல்வார்கள். மைக்ரோசாஃப்ட் அதைப் புதிய பதிப்புகளிலிருந்து நீக்கி வருவதால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். கைகொடுத்தது ஆண்ட்ராய்டு கைப்பேசிதான். யூஎஸ்பி கம்பியால் இணைத்து, கைப்பேசி அமைப்பில் ‘யூஎஸ்பி டெதரிங்’ போட்டவுடன் விண்டோஸ் அதைக் கம்பி இணையமாக எடுத்துக்கொண்டது. இதற்குத் தனி டிரைவர் வேண்டியதில்லை. ஐபோனுக்கு இந்த வசதி இவ்வளவு எளிதாகக் கிடைக்காது, அதற்குத் தனி டிரைவர் கேட்கும். உள்ளே போனபின் விண்டோஸ் அப்டேட்டே வைஃபை டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிட்டது.

விண்டோஸுக்குப் பதில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவ நினைப்பவர்களுக்கு இந்த வைஃபைத் தொல்லை இப்போது பெரிதும் குறைந்திருக்கிறது. 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து அதிகாரப்பூர்வ நிறுவல் டிஸ்க்கிலேயே வைஃபை அட்டைகள் இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் என்ற மென்பொருளைச் சேர்த்துத் தருகிறார்கள்.

நிறுவியவுடன் செய்ய வேண்டிய ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து புதிதாக நிறுவினால் பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் தானாகவே மறையாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுதல்) செய்யப்பட்டுவிடுகிறது. பின்னாளில் பயாஸில் ஏதாவது மாற்றினாலோ மதர்போர்டை மாற்றினாலோ 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்குக்குள் நுழைய முடியாமல், சாவியும் வேறெங்கும் இல்லாமல் போனால் உள்ளே இருப்பது எதுவும் திரும்பக் கிடைக்காது. நான் அந்தச் சாவியைத் தாளில் எழுதி, கணினி வாங்கிய ரசீதுடன் சேர்த்து வைத்துவிட்டேன். பிரித்தெடுத்த விஎம்டி டிரைவர் கோப்புறையும் வைஃபை டிரைவரும் உள்ள பென் டிரைவையும் அதே உறையில் போட்டிருக்கிறேன். விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டி வந்தால் அந்தக் காலித் திரை மறுபடி வரும், அப்போது இவை உடனே கைக்கு எட்ட வேண்டும்.