22 தீர்த்தமும் ஒரு வாளியும்

ராமேஸ்வரம் ராமநாதசுவாமி கோயிலின் 22 தீர்த்தங்களில் பக்தர்களுக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றும் வேலைக்குக் கைப்பலத்தைவிடக் கால் முக்கியம். கிணற்றுக் கைப்பிடிச் சுவரின்மேல் ஏறி நின்றுதான் வாளியை விடவேண்டும். நாள் முழுக்க ஈரத்தில் ஊறும் கல் அது. பாதங்களை அகட்டி, பாரத்தைப் பின்காலில் நிறுத்தாவிட்டால் இழுக்கும் வேகத்தில் உடம்பு முன்னால் சாய்ந்துவிடும்.

வாளி சிறியதாக இருப்பதே நல்லது. 5 லிட்டர் என்றால் 5 கிலோ. 100 தடவை இழுத்தால் அரை டன். பெரிய வாளியோடு இறங்குபவருக்கு மதியத்துக்குள் தோள்பட்டை விட்டுப்போகும். வாளி தண்ணீரில் மிதந்தால் கயிற்றைச் சற்றுத் தளர்த்தி மணிக்கட்டால் ஒரு வெட்டு வெட்டவேண்டும்; வாய் கவிழ்ந்து தானே மொண்டுகொள்ளும். நைலான் கயிறு அதிகம் தண்ணீர் குடிக்காது, ஆனால் நழுவினால் உள்ளங்கையைச் சுட்டுவிடும். இடையிடையே முடிச்சுப் போட்டால் பிடி கிடைக்கும்.

ஊற்றுவதிலும் பக்குவம் உண்டு. உயரத்திலிருந்து உச்சந்தலையில் ஓங்கிக் கொட்டினால் வயதானவர்களுக்கு மூச்சு முட்டும். முதலில் தோளில் கொஞ்சம் சரித்து, அவர்கள் கண்ணை மூடிக்கொண்ட பிறகு தலைக்கு ஊற்றவேண்டும். கைக்குழந்தைக்கு விரலால் தெளித்தாலே போதும். எத்தனையோ ஊர் தாண்டி வந்தவர்கள் அவர்கள். அந்த ஒரு வாளிக்காகத்தான் வந்திருக்கிறார்கள்.

முதலில் கோயிலுக்குக் கிழக்கே கடலில், அக்னி தீர்த்தத்தில், முழுக்கு. பிறகு கோயிலுக்குள்ளே மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும். சேதுமாதவ தீர்த்தம் குளம். மற்றவை பெரும்பாலும் கிணறுகள். நளன், நீலன், கவயன், கவாட்சன் என்று வானர வீரர்களின் பெயரிலேயே நாலு தீர்த்தங்கள். சிவலிங்க அபிஷேகத்துக்காக ராமர் அம்பு நுனியால் உண்டாக்கியது கோடி தீர்த்தம் என்பது ஐதீகம். அது எப்போதும் கடைசிதான். வரிசையைக் குலைத்துக் குறுக்கே புகுந்தால் இரண்டு கூட்டம் ஒரே கிணற்றில் முட்டிக்கொள்ளும்.

கடலுக்கு இத்தனை அருகில் கிணற்றில் நல்ல தண்ணீர் எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். தீவின் மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின்மேல் படலமாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலேறும். அதனால் ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்தில் இன்னும் கவனமாக இறைக்கவேண்டும். ஆளுக்கு ஒரு வாளி போதும்.

பெண்களுக்குச் சொல்லவேண்டியது: கனமான சேலை வேண்டாம். நனைந்ததும் காலைச் சுற்றி, பிரகாரத்தில் தடுக்கிவிடும். அங்கே விழுகிறவர்களில் பலர் இப்படித்தான் விழுகிறார்கள். ஈரத்துணியோடு சன்னதிக்குள் போகமுடியாது; மாற்றுத்துணியை நனையாத பையில் வைத்திருங்கள். மாற்றிக்கொண்டு முதலில் அனுமன் கொண்டுவந்த விஸ்வலிங்கம், அதன் பிறகே சீதை மணலில் பிடித்த ராமலிங்கம்.