அந்த 27 சதவீதம்

சித்திக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவருடைய மகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, இது ஜீன்ல வர்றதா? எனக்கும் வருமா?"

அவளுக்காகத்தான் இரட்டையர்களிடம் புற்றுநோய் வருவதைப் பார்த்த ஓர் ஆய்வை மறுபடி எடுத்துப் படித்தேன். 2000-இல் வெளிவந்தது. ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து பதிவேடுகளிலிருந்து 44,788 ஜோடிகள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் கிட்டத்தட்ட முழுவதும் ஒன்று. தனித்தனிக் கருவில் உருவானவர்களுக்குச் சராசரியாகப் பாதிதான் பொது. இரண்டு வகையினரும் பெரும்பாலும் வளர்வது ஒரே வீட்டில். ஆகவே முதல் வகையில் இருவருக்கும் நோய் வருவது எவ்வளவு அதிகம் என்று பார்த்தால் மரபணுவின் பங்கு பிடிபடும். மார்பகப் புற்றுநோய்க்குக் கிடைத்த விடை, 27 சதவீதம்.

இந்த 27-ஐத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். எனக்கு நோய் வர 27 சதவீத வாய்ப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. சித்தியின் நோயில் கால்வாசி மரபணுவால் வந்தது என்றும் இல்லை. அந்த மக்களிடையே ஆளுக்கு ஆள் அபாயம் வேறுபடுகிறதே, அந்த வேறுபாட்டில் மரபணுவின் பங்கு அது. வாழ்க்கைமுறை மாறினால் எண்ணும் மாறும். அதை அப்படியே மதுரைக்குத் தூக்கி வர முடியாது.

என் மனதில் நின்றது வேறு. மரபணு ஒன்றாகவே இருந்தும், ஒருவருக்கு வந்த மார்பகப் புற்றுநோய் பெரும்பாலான ஜோடிகளில் மற்றவருக்கு வரவில்லை. இதைச் சொன்னதும் தங்கை அழுதுவிட்டாள்.

அப்புறம் பிஆர்சிஏ (BRCA) எனப்படும் மரபணுக்கள். அந்த மரபணுக்களில் தீங்கான மாற்றம் இருந்தால் அபாயம் நிஜமாகவே மிக அதிகம். முதலில் சித்தியைச் சோதிப்பதுதான் முறை. அடுத்த வாரம் இருவரையும் ஆலோசனைக்குக் கூட்டிப் போகிறேன்.